எனாமல் கோப்பையில் ஒரு ஞானஸ்நானம்

அன்புள்ள அக்கா,

நேற்று மகள் சமையல்கட்டை ஒழுங்குபண்ணும்போது அந்தப் பழைய எனாமல் கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டாள். பாய்ந்துபோய் எடுத்தேன். "அலமாக், இந்த வயசுல என்னா வேகம்மா!" என்று மலாய்க்காரியாட்டம் வியந்து சிரிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

போரில் ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் வெள்ளைக்காரப் போதகர்களைச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோன பிறகு, கூலாய் ரப்பர்த் தோட்டத்து மூன்று மிஷன் சபையாரும் ஒரே அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் கூடி ஜெபித்தோம். கட்டுப்பாடு ஒன்றுதான்: ஞானஸ்நானத்தைப் பற்றி யாரும் வாய்திறக்கக் கூடாது. உங்கள் சபையில் வளர்ந்து விசுவாசித்தவரை ஆற்றில் முக்குவீர்கள். எங்கள் சபையும் மற்றதும் பச்சைப்பிள்ளைக்கே தலையில் தண்ணீர் விடுகிறவை. பேச்செடுத்தால் அன்றோடு கொட்டகை காலி. ஆனால் வெளியே மரவள்ளி பிடுங்கும்போது உங்கள் வாய் சும்மா இருக்குமா? "நாலு சொட்டுத் தண்ணிக்குப் பேரு ஞானஸ்நானமா? அப்படின்னா மழையில நனைஞ்ச கோழியும் கிறிஸ்தவந்தான்!" என்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். எனக்கும் கைக்குழந்தைக்கும் மலேரியா. மருந்து கண்ணில் படவில்லை. குழந்தைக்குக் கண் செருகிவிட்டது. ஞானஸ்நானம் இல்லாமலே போய்விடுவாளே என்று கதறினேன். எழுந்து உட்கார எனக்குத் தெம்பில்லை. பக்கத்தில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள். போதகர் இல்லாத ஆபத்தில் விசுவாசி யாரும் தண்ணீர் விடலாம் என்பது எங்கள் சபை வழக்கம்; நீங்களே விடுங்கள் என்று கெஞ்சினேன்.

"என்னையா கேக்குற?" என்றீர்கள். பிறகு இந்தக் கோப்பையில் தண்ணீர் மொண்டு வந்து, பிள்ளையை மடியில் கிடத்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று அவள் தலையில் விட்டீர்கள்.

"வெளியே சொல்லிராத புள்ள. உங்காளுங்க கெலிச்சதா நெனைப்பாங்க, எங்காளுங்க எழுந்து போயிருவாங்க. கொட்டகை நிக்கணும்."

கொட்டகை நின்றது. பிள்ளையும் பிழைத்தாள். போர் முடிந்து போதகர் திரும்பி வந்து கேட்டபோதும், "ஆயிடுச்சுங்கய்யா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்காக உங்கள் கொள்கை மாறியதா? எங்கே! கடைசிவரை அவளைக் கண்டாலே, "ஒருநாள் ஆத்துல முங்கி ஒழுங்கா எடுத்துக்கடி" என்பீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அப்படிச் சிரிக்க எனக்கு ஆளே இல்லை அக்கா.

கோப்பையைக் குப்பையில் போட்ட அவளிடமே நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி உடைவதற்குக் கொட்டகை இல்லையே. கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெரியம்மாவா? அவங்களுக்குத்தான் அதுல நம்பிக்கையே இல்லையேம்மா!"

"இல்லதான்," என்றேன். "எனக்கு இருந்துச்சே, அதுக்காகச் செஞ்சாங்க."