கேலி என்று சொல்லிவிட்டுச் செய்யும் கேலி

அக்கா,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உன் தலைத்திவசத்துக்கு வெள்ளையடிக்கலாம் என்று நேற்று பரணைக் காலி செய்தபோது, உன் மகள் சுபாவின் பழைய ரோஸ் கலர் ஹெல்மெட் கிடைத்தது. உள்ளே மூக்கை விட்டால், நீ அவளுக்குத் தேய்த்துவிடும் எண்ணெய் வாசனை. இன்னும் நன்றாக முகரலாமே என்று தலையில் மாட்டினேன். காதுக்கு மேலே வந்து இறுகிக்கொண்டது. அத்தான் சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் உருவினார். "இந்த வயசுல இது தேவையா மாப்ள" என்றார்.

பிள்ளை விழுந்த பிறகு நீ வாங்கிய ஹெல்மெட் அது. போலகம் போகிற வழியில், வேகத்தடையில் ஏறி இறங்கியதும், அத்தானின் பைக் பின்னாலிருந்து எகிறி விழுந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயசு. பார்த்தால் மண்டையில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். மயங்கிக் கிடந்தவளைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். கண் விழித்தாள், பேசினாள், நடந்தாள், வீடு திரும்பினாள். நீ மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டாய். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

பிறகு நெரவி ஊரே திரண்டு பார்க்க வந்தது. ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்த ஒவ்வொருவரும் பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, நான் யார் சொல்லு என்று கேட்டார்கள். சரியாகச் சொல்லிவிட்டால் அடுத்த ஆள் குனிவார். பரீட்சை மாதிரி. அவளுக்குச் சத்தம் ஆகாது, நாலு பேரிடம் பேசினாலே மூளை களைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நம் ஊரில் பார்க்க வராமல் இருந்தால்தானே குற்றம். பொழுது சாய்ந்தால் தட்டைத் தூக்கி எறிவாள். பக்கத்து வீட்டில் அதைக் கொழுப்பு என்றார்கள்.

நானும் என் பங்குக்கு வந்தேன். காரைக்கால்மேட்டில் மீன் லோடு ஏற்றி அனுப்பிவிட்டு நேராக வந்து, எப்போதும் சொல்வதைச் சொன்னேன்: "ஒன்னத் தவுட்டுக்குத்தான வாங்குனோம்." விழுவதற்கு முன்பெல்லாம், "ஒன்ன அதுகூடக் குடுக்காம தூக்கிட்டு வந்தாங்களாம் மாமா" என்று சுடச்சுடப் பதில் வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் பள்ளிப்பையில் இரண்டு பாவாடையை மடித்து வைத்துக்கொண்டு, என்னை யாரிடம் வாங்கினீர்கள், அவர்கள் வீடு எங்கே இருக்கிறது என்று உன்னிடம் கேட்டிருக்கிறாள்.

நீ என்னைத் திட்டவில்லை. கொல்லையில் உட்காரவைத்துச் சொன்னாய்: "வாய்க்கா ஒடைஞ்சா தண்ணி சுத்திதான்டா வயலுக்கு வரும். அவளுக்கு இப்ப அப்படி. பதில் வர்ற வரைக்கும் வாய மூடிட்டு இரு. கேலி பண்ணு, வேணாங்கல. கேலின்னு சொல்லிட்டுப் பண்ணு."

அன்றிலிருந்து, இப்போது கேலி செய்யப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுக் கேலி செய்கிற ஒரே ஆள் இந்தக் காரைக்காலில் நான்தான். அப்படிச் சொன்னால் யாருக்குச் சிரிப்பு வரும்? ஆனால் அவள் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாக. அந்தச் சிரிப்பு வரும்வரை, பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் நீ வாசற்படியில் நின்றாய்.

நீ போனதிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை அக்கா. அவளுக்கு இப்போது பதிமூன்று. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சொன்னதை மறக்கிறாள். சின்ன விஷயத்துக்கும் கத்துகிறாள், அப்புறம் எதற்குக் கத்தினோம் என்று அவளே முழிக்கிறாள். இது அன்றைக்குப் பட்ட அடியா, வயசா, நீ இல்லாத துக்கமா? டாக்டரிடம் கேட்டேன். பிள்ளைகளுக்கு மூளை வளர்ந்துகொண்டே இருக்கும், சின்ன வயசில் தேவைப்படாத வேலைகள் பெரியவளாகும்போதுதான் தேவைப்படும், அடிபட்ட குறை அப்போதும் தலைகாட்டலாம் என்றார். மூன்றும் கலந்துகூட இருக்கலாம், இது இது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம் என்றார். அவருக்கே அப்படியென்றால், நாலாம் வகுப்போடு நின்ற நான் எங்கே பிரிப்பது? அத்தான் ஒருநாள் அடிக்கக் கை ஓங்கினார். பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நீ இருந்தால் அவள் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பாய். இல்லை, நீயும் தெரியாமலேதான் எங்களுக்காகத் தெரிந்த மாதிரி நின்றாயா? அதையும் கேட்காமல் விட்டுவிட்டேன். என்னிடம் மிச்சம் இருப்பது நீ சொன்னது மட்டும்தான். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும்.

இன்று காலையில் சுபா, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், அப்பாவுக்கு வேலை இருக்கிறது, நீ வா, வேட்டி கட்டியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்றாள். என்ன புகார் சொல்லப்போகிறார்களோ என்று பயந்துகொண்டே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கூட்டம் எதுவும் இல்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தீங்களா என்று வாட்ச்மேன் கேட்டார்.

சாயங்காலம் அவளிடம், நாள் மாறிப்போச்சாம்மா என்று மெதுவாகக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். நானும் பேசாமல் இருந்தேன்.

"கேலின்னு சொல்ல மறந்துட்டேன் மாமா."

சிரிக்கிறாளா என்று பார்ப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் அங்கிருந்து திரும்பும்போது பள்ளிக்கூடத்துக் கேட்டில் மாட்டி வேட்டி முழங்கால் வரைக்கும் கிழிந்துவிட்டது. தைக்கக் கொடுத்திருக்கிறேன்.