ஜன்னல் சாத்தின கேரம் ரூம்

அன்புள்ள அப்பாவுக்கு,

சுடர்விழி எழுதறேன். நான் நல்லாருக்கேன். உங்க இருமல் நின்னுச்சா? போன்ல கேட்டா அம்மா பயந்துடுவாங்க.

இங்க உப்பளத்துல வேலை செய்யற மூணு பேருக்கு டிபி. எப்படித் தொத்துச்சுன்னு விசாரிக்கறதுதானே என் வேலை? மூணு பேரும் வேற வேற தெரு, சொந்தமும் இல்ல. ஆனா சாயங்காலம் ஒரே ரூம்ல கேரம் ஆடறவங்க. பவுடர் பறக்கும்னு ஃபேனை நிறுத்தி ஜன்னலையும் சாத்திக்குவாங்களே, அதே ரூம்தான். பொங்கலுக்கு இங்க வந்தப்ப நீங்களும் தினமும் ஆடப் போனீங்க.

பதறாதீங்க, மாத்திரையில குணமாயிடும். நாளைக்கே ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட் குடுத்துடுங்க.

உங்ககிட்ட விட்டுட்டு வந்த எம்பொண்ணு நெனப்பாவே இருக்கு. அவ போட்ட கவுன் ஒண்ணு அனுப்புங்க, துவைக்க வேணாம், அவ வாசம் இருக்கட்டும்.

ரிசல்ட் வர்ற வரைக்கும் அவளைப் பக்கத்துல படுக்க வைக்காதீங்கப்பா. கதை சொல்லுன்னு அழுவா. ஜன்னலைத் தொறந்து வச்சு, வெளிய நின்னு சொல்லுங்க.

சுடர்