சலவைக்கூடத்தில் என் இங்கிலீஷ்

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் மானத்துக்கு மட்டும்தான் கொஞ்சம் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மானம் போன கதையைக் கேள். எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்திருக்கும் புது மேனேஜருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். துவைத்த துணியைச் சரிபார்க்கிற மேசைக்கு ஆள் வேண்டும் என்றார். ஆவி அறையில் இனியும் நின்றால் முட்டி தேறாது என்று டாக்டர் மிரட்டியிருந்ததால் நானும் பேர் கொடுத்தேன். துணி எப்படி இருக்கிறது என்று அவரிடம் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நானோ, பெரியவர்களிடம் நாம் "ங்க" போடுவது போல இங்கிலீஷில் "லி" போடுவார்கள் என்று நினைத்து, இஸ்திரிக்காரர் முன்னால் ஒரு போர்வையைத் தூக்கிப் பிடித்து "லுக்ஸ் கிளீன்லி, ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி" என்று மரியாதையாகக் கொட்டி ஒத்திகை பார்த்தேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டில் சொன்னால் உன் அம்மா, "நம்ம பொண்ணு பத்து வயசுலயே சொல்லிக் குடுத்தாளே, மண்டையில என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" என்றாள்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்து, சூடு ஆறாத துண்டுக் குவியலில் சாய்ந்துகொண்டு, மெஷினுக்குப் போட்டியாகக் கத்திப் படிப்பாய். ஒருநாள் ஒரு துண்டை என் மூக்கில் வைத்து, "அப்பா, துண்டா மோந்து பாக்குது? அது சும்மா மணக்குது. அது எப்படி இருக்குன்னு சொல்றப்ப வால் வேணாம். நீங்க கவனமா உத்துப் பாக்குறீங்கல்ல, அந்த வேலைக்குத்தான் வால்" என்றாய். "லி"க்கு நீ வைத்த பேர் வால். பாடம் முடியுமுன்னே தூங்கியும் போவாய், இவளையும் மடிச்சு அலமாரியில வச்சிடலாமா என்று இஸ்திரிக்காரர் கேட்பார். அந்தக் குவியல் பக்கம் போனால் இப்போதும் சத்தம் போடாமல்தான் நடக்கிறேன், பழக்கம்.

தேர்வு அன்று மேனேஜர் ஒரு துண்டை நீட்டினார். கண்ணை மூடிக் கன்னத்தில் வைத்தேன், உன் குரல்தான் கேட்டது. "ஃபீல்ஸ் சாஃப்ட், ஸ்மெல்ஸ் ஃப்ரெஷ்" என்றேன், வாலே இல்லாமல். மேசை எனக்குத்தான். முட்டி உனக்கு நன்றி சொல்லச் சொன்னது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையை ரொம்ப மிரட்டாதே, வாரம் ஒரு தடவையாவது அம்மாவைக் கூப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் வாழ அப்பாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
சரிபார்க்கும் மேசையிலிருந்து
உன் அப்பா

பி.கு: மேசைக்கு நேர் மேலே ஏசி. முதல் நாளே ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. பெரிய குவியல் ஒன்றை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பிரமாதம் என்று சொல்லி அனுப்பினேன். அது துவைக்க வந்த குவியல்.