அவர்கள் கேட்ட அளவு

மார்ச் 3, செவ்வாய்

நான் வேலை பார்த்த துணிக்கடையை இழுத்து மூடியபின் தங்கை வீட்டுக்கு வந்து மூன்று வாரம். இருபத்தாறு வருடம் பெண்கள் பிரிவில் நின்று விற்றவன், இப்போது அவளுடைய ஆன்லைன் கடைக்காகப் பின்னறையில் பார்சல் ஒட்டுகிறேன். பதவி, பேக்கிங் மேனேஜர். எனக்குக் கீழே ஒரு கத்தரிக்கோலும் இரண்டு டேப் உருளைகளும் வேலை பார்க்கின்றன.

இன்று வந்த கேள்விகளில் முதல் பரிசு: "இது நீலமா?" படத்தில் நீலம். படத்துக்குக் கீழே நீலம் என்று எழுத்து. இன்னும் என்ன, வாசலில் வந்து கூவ வேண்டுமா?

மார்ச் 5

துணியைத் தொடாமல், உதறாமல், தோளில் வைத்துப் பார்க்காமல் வாங்குகிற கூட்டம். தங்கைக்கு இதில் பெருமை வேறு. "நான் பாக்காத ஊருக்கெல்லாம் என் துணி போகுது அண்ணா" என்கிறாள். போகிறது. போன வேகத்தில் திரும்பியும் வருகிறது.

மார்ச் 9, திங்கள்

ஆர்டரோடு வாங்குகிறவர்களின் படமும் திரையில் வருகிறது. இன்று ஒரு அம்மா. முகத்தைப் பார்த்தாலே எக்ஸ்எல். கேட்டிருப்பது மீடியம்! யாரை ஏமாற்றுகிறார்கள்? கடையிலும் இதே கூத்துதான். "எனக்கு மீடியம்தான்" என்று அடித்துச் சொல்வார்கள். நான் எதிர்த்துப் பேச மாட்டேன். லார்ஜை எடுத்து, கழுத்து லேபிளை விரலால் மறைத்து, "இதாம்மா மீடியம்" என்று நீட்டுவேன். போட்டுப் பார்த்துவிட்டுப் பூரித்துப் போவார்கள். முதலாளியே மெச்சிய வித்தை.

இங்கே விரலால் மறைக்க வழியில்லை. அதனால் லேபிளைக் கத்தரித்துவிட்டு எக்ஸ்எல்லை மடித்து அனுப்பினேன். வந்த நாளிலிருந்து இப்படித்தான், யார் பொய் சொல்கிறார்கள் என்று படுகிறதோ அவர்களுக்கெல்லாம். தங்கைக்குத் தெரியாது. அவள் கம்ப்யூட்டர் படித்தவள், நான் உடம்பு படித்தவன்.

மார்ச் 14, சனி

ஒரே நாளில் ஏழு பார்சல் திரும்பியிருக்கிறது. ஒன்றில் வாசனைத் தைலம் கமகமக்கிறது. எங்கோ விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டுப் 'பிடிக்கவில்லை' என்று அனுப்பியிருக்கிறார் ஒரு புண்ணியவதி. மற்ற ஆறிலும் 'அளவு சரியில்லை.'

விற்பனைத் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்திருக்கிறது. இதே வேகத்தில் திரும்பினால் மாதக் கடைசியில் கடையைத் தூக்கிவிடுவார்களாம். இதை நம்பி ஆபீஸ் வேலையை விட்டவள் தங்கை. காலையிலிருந்து சாப்பிடவில்லை.

"நமக்குத் தெச்சுக் குடுக்கற தையல்காரம்மாதான் சரியா வெட்டறதில்ல போல. என்னண்ணா சொல்ற?"

"இருக்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 17, செவ்வாய்

தையல்காரம்மா வந்தார். அளவு டேப்பைப் பையிலிருந்து உருவி, "எது தப்புன்னு காட்டுங்க, இங்கயே அளந்துருவோம்" என்றார்.

"லேபிளே இல்லியேம்மா. எது எந்த சைஸ்னு எத வச்சு அளக்கறது?" என்றாள் தங்கை.

"நான் ஒவ்வொண்ணுலயும் தெச்சுதானே குடுத்தேன்."

இனிமேல் துணி தர முடியாது என்று தங்கை சொல்லிவிட்டாள். அவர் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். நான் ஏற்கெனவே ஒட்டி முடித்த பெட்டிக்கு இன்னொரு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18

அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்காதா என்ன? கிடைக்கும்.

மார்ச் 20, வெள்ளி

மஞ்சள் டாப்ஸ் ஒன்று திரும்பி வந்தது. ஸ்மால் கேட்டவர். படத்தில் நல்ல பருமன். 'ஸ்மாலாம் ஸ்மால்' என்று சிரித்துக்கொண்டே எக்ஸ்எல் வைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. உள்ளே ஒரு கடிதம். தங்கைதான் படித்தாள்.

"நான் கேட்டது ஸ்மால். நீங்கள் அனுப்பியது என் பழைய அளவு. அந்தப் படம் நோய் வருவதற்கு முன் எடுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் எனக்கென்று வாங்கிய முதல் துணி இது. போட்டேன், தோளில் நிற்கவில்லை. கண்ணாடி முன்னால் அழுதுவிட்டேன். தயவுசெய்து ஸ்மால் அனுப்புங்கள்."

"பாவம். அந்தம்மா எப்படித்தான் வெட்டினாங்களோ" என்றாள் தங்கை.

"அவங்க வெட்டினது சரிதான். நான்தான் மாத்தி வச்சேன். இது மட்டும் இல்ல, எல்லாமே."

என்ன மனுஷன்டா நீ? ஒரு மொகத்தப் பாத்துட்டு எல்லாம் தெரியும்னு நெனச்சியே. பெரிய இவன். சீ.

மார்ச் 21

நேற்று அதற்குப் பிறகு தங்கை பேசவில்லை. இன்று பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"கடைக்குப் போனா உன்ன மாதிரி ஆளுங்க ஏற எறங்கப் பாத்து சைஸ் சொல்றாங்கன்னுதான் பாதிப் பேரு வீட்ல உக்காந்து வாங்கறாங்க. இங்கயும் வந்து பாத்துட்டியா?"

பூரித்துப் போனவர்களைத்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன். லேபிளை வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்கள்? மறுபடி வராதவர்கள்? அப்படியும் இருந்திருப்பார்கள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. எனக்கு அவமானமாக இருக்கிறது.

மஞ்சளில் ஸ்மால், ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு போயிற்று. கடிதத்தை மூன்று முறை எழுதினேன்.

மார்ச் 23, திங்கள்

தையல்காரம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் மெஷின் மிதிப்பதை நிறுத்தவில்லை. தையல் ஓரம்வரை போய் நூலை அறுத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"துணி தெக்கறது பெரிசில்ல. அந்தத் தம்மாத்துண்டு லேபிளத் தெக்கத்தான் கண்ணு போவுது. அதயா வெட்டினீங்க?"

ஏப்ரல் 1

விற்பனைத் தளத்தில் கடையை இரண்டு மாதத்துக்கு மறைத்துவிட்டார்கள். தங்கை பழைய ஆபீசில் கேட்டுப் பார்த்தாள். அங்கே இடமில்லையாம். என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

ஜூன் 15

கடை மறுபடி தெரிகிறது. மறுபடி தைத்துத் தரக் கேட்டதற்குத் தையல்காரம்மா யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தார். இன்று ஒரு கட்டு அனுப்பியிருக்கிறார். லேபிள்களை இரட்டைத் தையல் போட்டு இறுக்கியிருக்கிறார். எனக்காகத்தான்.

ஜூலை 6, திங்கள்

இப்போதெல்லாம் எனக்குத் திரை கிடையாது. பெயர், முகவரி, அளவு மூன்றையும் தங்கை தாளில் எழுதித் தருகிறாள். இன்று ஒன்பது பார்சல். 'துணி நைந்துபோகுமா' என்று கேட்டுவிட்டு மூன்று வாங்கிய மேதாவி ஒருவரைப் பற்றித் தங்கை சொன்னாள். நைந்துபோகும் அம்மா, எல்லாமே நைந்துதான் போகும்.

ஐந்தாவது தாளில் அந்த மஞ்சள் டாப்ஸ் அம்மாவின் பெயர். அதே டாப்ஸ், பச்சையில். மார்ச்சில் ஸ்மால் கேட்டவர் இப்போது மீடியம் கேட்டிருக்கிறார்.

மீடியத்தை எடுத்தேன். லேபிளைப் படித்தேன். மடித்தவன் மறுபடி பிரித்துப் படித்தேன். அப்படியும் கை ஒட்ட மறுத்தது. தங்கையைக் கூப்பிட்டு, "நீயும் ஒரு தடவ பாத்துடு" என்றேன்.