ஏழாம் நம்பர் கட்டம்

அன்பு மகள் யசோதினிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வந்து, நலமாக இருக்க வேண்டும். உயிரோடு என்று கை தவறி எழுதிவிட்டேன், பதறாமல் முழுவதும் படி. போனில் பேசும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நல்லதை மட்டும் சொல் என்று கண்ணைக் காட்டுகிறார், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நம் தோட்டத்து வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ரஜீவ் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.

இங்கே மழை விட்டபாடில்லை. போன வாரம் பசறைப் பக்கத்து டவர் பழுதாகி யார் போனிலும் சிக்னல் இல்லை. மீரியபெத்தத் தோட்டம் மண்சரிவில் புதைந்துபோன நாளிலிருந்து ஓட்டில் நாலு துளி விழுந்தாலே எழுந்து உட்காரும் சனம் நாங்கள், கேட்க வேண்டுமா. அந்த நேரத்தில்தான் நீ சித்திரைக்கு வந்தபோது வாசிகசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போன கம்பியூட்டரில் மண்சரிவு அறிவிப்பு வந்தது. அதற்கு மட்டும் கம்பி வழியாக இன்டர்நெட் வேலை செய்தது. ரஜீவ் அதை அச்செடுத்து, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டினான். அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை மகளே. வெறும் கட்டம் கட்டமாக வரிசை, நடுவில் ஒரு 7. அவ்வளவுதான். அதுவரை பிள்ளைகள் அதில் ஆங்கிலப் பாடமும் விளையாட்டும்தான் பார்த்தார்கள், தமிழில் எதுவும் வந்ததில்லை, அதனால் இது கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை. போன வருஷம் மலையை அளந்தவர்கள் நம் லயத்து வீடுகளை வரிசையாகக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் காம்பரா நம்பர் எழுதி ஒரு படம் கொடுத்தார்களே, இதுவும் அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்தோம். ஏழாம் காம்பராவுக்குத்தான் ஆபத்து என்று முடிவு கட்டினோம். அந்தக் காம்பரா மாடசாமி, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஆட்டையும் இழுத்துக்கொண்டு அப்போதே மச்சான் வீட்டுக்குப் போய்விட்டான். மற்றவர்களுக்கு மனது ஆறிவிட்டது. நான் செய்ததைக் கேள், நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பகலில் விட்ட குழந்தைகளைத் தாய்மார் கூட்டிப்போக வந்தபோது, ஒன்றும் பயமில்லை, காம்பராவிலேயே இருங்கள் என்று நானே தைரியம் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் விடியும்போது மலை இறங்கியது. ஏழாம் காம்பராவில் ஓர் ஓடுகூடப் பெயரவில்லை. மண் வந்தது நாம் இருக்கும் இந்தக் கோடியில். நம் அடுப்படி, அந்தக் குசினிச் சுவர் போய்விட்டது, அப்பா கதவை உதைத்துத் திறந்து என்னை வெளியே தள்ளினார். பக்கத்துக் காம்பராப் பெரியாயிதான் மாட்டிக்கொண்டாள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்னிடம் வருமுன்னே அவளிடம் போய் ரொட்டி கேட்பாயே, அவள்தான். இடுப்புவரை மண். தோண்டி எடுத்துப் பதுளை ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள், இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. நல்லவேளை, குழந்தைகள் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

டவர் சரியான பிறகு ரஜீவ் அதே அறிவிப்பைத் தன் போனுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறான். போனில் முத்து முத்தாகத் தமிழ். லயத்தில் உள்ள எல்லோரும் மாலை 7 மணிக்கு முன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று இருந்ததாம். என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, மெசின்ல பழுது ஒன்னும் இல்ல, அதுல தமிழ் எழுத்தே வைக்காம விட்டிருக்காங்க, அதான் எழுத்துக்குப் பதிலா கட்டமா வந்திருக்கு. யசோகிட்ட கேளுங்க, இதுல ஓடுறது யசோ வேலை செய்யிற கம்பெனியோட லினக்ஸ்தான்" என்றான். வேறு யாரிடமும் அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்கு உன் வேலை பாதிதான் புரியும். கம்பியூட்டரை ஓட்டும் அந்த லினக்ஸில் எந்தெந்த மொழியின் எழுத்துருக்களை முதலிலேயே உள்ளே வைத்து அனுப்புவது, எதை விடுவது என்று பார்ப்பதுதான் உன் வேலை, எல்லாவற்றையும் வைத்தால் பாரமாகிவிடும் என்றாய். குறைவான பேர் பாவிப்பதை எடுத்துவிட்டு, வேண்டியவர்கள் பிறகு இறக்கிக்கொள்ளட்டும் என்று அங்கே பேச்சு என்றும், தமிழுக்காக நீ பேசினால் சொந்த மொழிக்குச் சாய்கிறாய் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டதாகவும் சொன்னாய். அன்றைக்கு நானும் ஆமாம் மகளே, வேலையைக் காப்பாற்றிக்கொள் என்றுதான் சொன்னேன். இப்போது கேட்கிறேன், எழுத்து இல்லை என்று தெரிந்தால்தானே ஒருத்தன் இறக்கிக்கொள்வான்? எங்களுக்கு அது எங்கள் லயமாகவே தெரிந்ததே. உன்னைக் குறை சொல்லவில்லை. பயத்தில் எழுதுகிறேன். சரிவுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த எங்களை, பாடம் தொடங்க வேண்டும் என்று திரும்பவும் லயத்துக்கே அனுப்பிவிட்டார்கள், மலையில் வெடிப்பு அப்படியே இருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அப்பா கேலி செய்கிறார், ஆனால் அவரும் சட்டையைக் கழற்றாமல்தான் படுக்கிறார். ரஜீவ் நம் கம்பியூட்டரில் தமிழை இறக்கிவிட்டான். இதே லினக்ஸ் போட்ட மற்றத் தோட்டங்களில் யார் இறக்குவார்கள்? உன் பெயர் வெளியே வந்தால் சனம் என்ன சொல்லும் என்பதும் ஒரு பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். அதைவிட, நீ பேசாமலே இருந்துவிடுவாயோ என்றுதான் அதிகம் பயப்படுகிறேன்.

நேற்று பெரியாயியைப் பார்க்கப் போனேன். வலியில் முகம் கறுத்துக் கிடந்தாள், ஆனாலும் உன்னைத்தான் விசாரித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "யசோ குடுத்த மெசின் நல்ல மெசின் விஜயா, மாடசாமி குடும்பத்தையாச்சும் காப்பாத்திக் குடுத்துச்சே. எந்தக் காம்பரா போவும்னு அதுக்கு என்னா தெரியும், பாவம். புள்ளகிட்ட நான் சந்தோசமா இருக்கேன்னு சொல்லு" என்றாள். போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து அனுப்பும் லினக்ஸிலும் தமிழை விடுவதா வைப்பதா என்று வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவாகும் என்றாயே, அதற்கு முன் இது உன் கைக்கு வர வேண்டும். நீ பேசு மகளே. சாய்கிறாய் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். பேசிவிட்டுப் பெரியாயிக்கு ஒரு போன் எடு, நடந்ததை நீயே சொல், என்னால் முடியாது. முருகன் உனக்குத் துணை நிற்பான், நீ நூறு வயது இருப்பாய். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிக்கொள்.

உன் பதிலுக்காகப் பயத்தோடு இருக்கும்
அம்மா விஜயலெட்சுமி