ஓடு மூடாத குஞ்சுகள்

தம்பிக்கு,

என் குரலைக் கேட்டாலே போனை வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி, உன் மனைவி வில்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்காகப் பொரித்த சிப்பிக் குஞ்சுகளை வடிகாலில் விட்டது நான்தான். மறுக்கவில்லை.

மக்கேதா விரிகுடாவில் நச்சுப்பாசி படர்ந்து தண்ணீர் சிவந்து, தெளிந்து இரண்டு மாதமாகிவிட்டது. சிப்பி தின்னலாம் என்று தடையையும் நீக்கிவிட்டார்கள். நீ கொண்டுவந்த தாய்ச் சிப்பிகள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. நானும் நம்பித்தான் முட்டையிட வைத்தேன். இரண்டாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால், பாதிக்கு மேல் ஓடு மூடவில்லை. மற்றவை நீந்தாமல் ஒரே இடத்தில் சுற்றின. நச்சுப்பாசியைத் தின்ற தாய்கள் பிழைத்துக்கொண்டன, தம்பி. கேடு முட்டைக்குள் இறங்கிவிட்டது.

நான் வேலை பார்த்த பொரிப்புப் பண்ணையின் மேலாளர் ரொகேலியோ எட்டிப் பார்த்தார்.

"அசையுதுல்ல? அப்படியே வளர்த்துக் கொடுத்துடு. கடல்ல போட்டப்புறம் செத்தா, பழி கடலுக்கு."

"வாங்குறது என் தம்பி சார்."

"அப்ப இன்னும் சுலபம். நீ சொன்னா நம்புவான்."

அவர் கண்ணெதிரிலேயே தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினேன். தண்ணீர் வடிந்து தீரும்வரை அங்கேயே நின்றேன்.

வடக்குப் பக்கம் தண்ணீர் சிவக்கவே இல்லையாம். அங்கிருந்து தாய்ச் சிப்பி எடுத்து வா. ஒரு தொட்டி போதும், வீட்டிலேயே நானே பொரித்துத் தருகிறேன்.

எந்தக் கிழமையானாலும் வா. இப்போதெல்லாம் பண்ணைக்குப் போவதில்லை, பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன்.

உன் அக்கா