கூட்டுப் படைப்பாளர் கட்டத்தில் நான் இழுத்த கோடு

அனுப்புநர்:
இசை இரட்டையரில் ‘பெரியவர்’,
வயது 76 ஆண்டு, 4 மாதம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
இசைப் படைப்புப் பதிவு அலுவலகம்.

பொருள்: நாற்பத்தொரு பாடல்களின் பதிவில் ‘சின்னவர்’ பெயரைச் சேர்க்கவும், அதை விட்டுவிட்ட என் மீது விசாரணை நடத்தவும் கோருதல்.

பார்வை: 9.1.2024 அன்று தங்கள் அலுவலகம் திருப்பியனுப்பிய என் மனு.

பதிவாளர் ஐயா அவர்களுக்கு வணக்கத்துடன்,

1. நானும் சின்னவரும் 9.3.1974 முதல் சேர்ந்து பாடி வருகிறோம். நான் பதினொரு நாள் மூத்தவன். பட்டங்கள் அதனால் வந்தவை. மேடை ஊதியத்தை அன்றன்றே சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். அதில் பிசகு இல்லை.

2. அவருக்கு நடக்கும்போதுதான் மெட்டு வரும். முணுமுணுத்தபடி முன்னே போவார். நான் நோட்டுப் புத்தகத்துடன் பின்னே ஓடி ஸ்வரம் எழுதுவேன். மெட்டு அவருடையது, சொற்கள் என்னுடையவை.

3. ஸ்வரத்தாளை ஒப்படைப்பவரே படைப்பாளர் என்பது தங்கள் அலுவலக வழக்கம். 3.8.1979 அன்று முதல் பாடலைப் பதிந்தபோது படிவத்தில் ஒரு பெயருக்கே இடமிருந்தது. “பேப்பர் வேலையெல்லாம் நீயே பாத்துக்கப்பா. என் கையெழுத்தப் பாத்தா பதிவாளரே பயந்துடுவாரு” என்றார் சின்னவர். அதுவரை என் மீது குற்றமில்லை எனக் கருதுகிறேன்.

4. 17.6.1996 அன்று படிவம் மாறியது. ‘கூட்டுப் படைப்பாளர்’ என்றொரு கட்டம் சேர்ந்தது. பழைய பதிவுகளையும் புதுப்பிக்கச் சொன்னார்கள். நாற்பத்தொரு படிவங்களிலும் அந்தக் கட்டத்தில் கோடு போட்டேன். அவசரத்தில் அல்ல, அடிக்கோல் வைத்து. தாங்கள் எடுத்துப் பார்க்கலாம். ஒன்றும் கோணலாக இராது.

5. 2003இல் எங்கள் பாடலொன்றைச் சோப்பு விளம்பரத்தில் பயன்படுத்தினார்கள். உரிமைத்தொகை முழுவதும் எனக்கே வந்தது. 22.11.2004 அன்று வீடு வாங்கினேன். சின்னவர் வந்து அறை அறையாகப் பார்த்துவிட்டு, “நீ சேத்து வெக்கத் தெரிஞ்சவன்ப்பா. எனக்குத்தான் கையில காசு தங்காது” என்றார். காசு அவர் கைக்கு வரவே இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “மழை வரும், குடை எடுத்துட்டுப் போ” என்று மட்டும் சொன்னேன்.

6. அவர் இன்று சலவைக்கடை மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். ஊதாரி என்று மனைவி ஏசுவதை இத்தனை ஆண்டுகளாக மறுபேச்சின்றிக் கேட்டுக்கொள்கிறார். அவரும் அதை நம்பிவிட்டார் என்பதே என் முறையீடு.

7. தங்கள் எழுத்தர், “ஐயா, உங்க மேல நீங்களே புகார் குடுத்தா எந்த ஃபைல்ல வெக்கிறது?” என்றார். அவரைக் குறை கூறவில்லை. புதிதாக ஒரு ஃபைல் தொடங்க வேண்டுகிறேன். சின்னவரின் சம்மதக் கையொப்பமும் கேட்டார். 12.1.2024, 19.1.2024, 26.1.2024 ஆகிய நாட்களில் படிவத்துடன் அவர் அறைக்குச் சென்றேன். மூன்று முறையும் சட்டைப்பையிலிருந்து அதை எடுக்காமலே திரும்பினேன்.

ஆகவே, அவர் பெயரைச் சேர்த்து, இதுவரை நான் பெற்ற உரிமைத்தொகையில் பாதியை என்னிடமிருந்து வசூலித்து அவருக்கு வழங்கக் கோருகிறேன். அவருக்கு அனுப்பும் அழைப்பாணை காலைத் தபாலில் கிடைக்கும்படி செய்யவும். அவருக்குக் கண் மங்கல். காலையில் மனைவி வீட்டில் இருப்பார், அவரே உரக்கப் படித்துக் காட்டுவார். ஆகையால் காரணத்தைச் சுருக்காமல் எழுதவும்.

நாள்: 5.2.2024
இடம்: என் வீட்டு மாடி அறை

ஒப்பமிடுபவர்,
பெரியவர்